கடலுக்கு இரண்டு பூஜ்யம்

கடல் எங்கே ஏறும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. சொன்ன பிறகு ஏச்சு வாங்குவதும் அதிலேயே சேர்த்தி. உள்ளதைச் சொல்லிவிட்டுத் திருதிருவென்று முழிக்கும் சக ஜீவன்களே, படித்துவிட்டு என்னோடு சேர்ந்து நீங்களும் கொஞ்சம் திட்டுங்கள்.

வற்றல் பலன்

திருவொற்றியூரில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு என் வேலையை விளக்கிய நாளை நினைத்தால் இப்போதும் எரிகிறது. காற்று, அலை, ஆற்றுத் தண்ணீர், எல்லாவற்றையும் கொடுத்தால் கம்ப்யூட்டர் கடல்மட்டத்தைச் சொல்லும் என்று பத்து வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துச் சொன்னேன். தராசில் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார். "அப்ப நாளைக்கு வெயில் அடிக்குமான்னும் அதுல பாத்துச் சொல்லும்மா. வீட்டுல வத்தல் போடணும்ங்கா."

அண்ணாச்சியையாவது மன்னிக்கலாம். அவர் என் கணக்கில் கை வைக்கவில்லை.

சேலையும் கடலும்

எண்ணூர் கழிமுகம் ஒற்றை வாசல் வைத்த அறை மாதிரி. புயல் கடலை உள்ளே தள்ளும்போது பின்னாலிருந்து ஆறும் வந்துவிட்டால், தண்ணீர் வெளியே போக வழியில்லை. அந்த அறையின் ஒரு பக்கத்தை மண் கொட்டி மேடாக்கி கன்டெய்னர் யார்டு போட ஒரு கம்பெனி கிளம்பியது. மேடாக்கினால் எதிர்க்கரைக் குப்பத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று பார்க்கும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது.

கரையோரம் இரும்புக் கம்பம் நட்டு, மேலிருந்து தண்ணீரைப் பார்த்து மட்டம் அளக்கும் கருவியைப் பொருத்தினோம். சில நாட்கள் காலையில் கடல் திடீரென்று ஏறும், மதியம் இறங்கிவிடும். புயலும் இல்லை, மழையும் இல்லை. மண்டை காய்ந்து நேரில் போனால், குப்பத்தில் முதல் வீட்டு மேரி அக்கா கம்பத்தில் கயிறு கட்டி ஈரத்துணி காயப்போட்டிருந்தார். பாரத்தில் கம்பம் சாய்ந்து, கருவி தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்து, கடல்தான் ஏறிவிட்டது என்று கணக்கு எழுதியிருந்தது. நான் கத்தினேன். "சும்மா தானே நின்னுகினு கீது கம்பி? நாலு பொடவ காஞ்சா கடலுக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்று அவரும் கத்தினார்.

கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தபோதுதான் குரல் இறங்கியது. போன வெள்ளத்தில் பீரோவும் பிள்ளைகளின் புத்தகமும் ஊறிப் போனதாம். "அளந்துக்கோ, வேணாங்கல. எதுர்ல மண்ணு கொட்டுனா எங்க வூட்டுக்குள்ள தண்ணி பூருமா, பூராதா? அத்த மட்டும் சொல்லிட்டுப் போ."

பச்சை நிறமே

விடை, புகும். யார்டு மேனேஜரிடம் வரைபடத்தைக் காட்டினேன். குப்பம் முழுக்கச் சிவப்பு. டீயை உறிஞ்சியபடி வெகுநேரம் பார்த்தார். நீரோட்டம் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சிவப்பு கண்ணை உறுத்துது மேடம். பச்சையில போட்டுக் குடுங்களேன், பாக்க நல்லாருக்கும்."

எந்தப் பூஜ்யம்?

நான் மறுத்ததும் மேனேஜர் தாமே ஒரு பச்சைப் படம் தயாரித்தார். அதில் குப்பத்துத் தெரு தண்ணீருக்கு மேலே சொகுசாக உட்கார்ந்திருந்தது. எப்படி என்று தேடியபோது ரத்தம் கொதித்தது. துறைமுகத்துக்காரர்கள், கப்பல் தரைதட்டக்கூடாது என்பதற்காக, கடல் நன்றாக வற்றி நிற்கும் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வார்கள். தரை அளப்பவர்களுக்கோ கடலின் சராசரி மட்டம்தான் பூஜ்யம். துறைமுகத்துப் பூஜ்யம் முழங்கால் உயரம் கீழே, அங்கிருந்து அளந்தால் எதுவும் அவ்வளவு கூடுதல் உயரமாகத் தெரியும். தெருவைத் துறைமுகத்துப் பூஜ்யத்திலிருந்தும் என் தண்ணீரைத் தரைப் பூஜ்யத்திலிருந்தும் அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து, தெருதான் உயரம் என்று எழுதிவிட்டார்கள்! மேரி அக்கா வீட்டைக் காகிதத்திலேயே முழங்கால் உயரம் தூக்கி வைத்துவிட்டார்கள்.

எங்கள் முதலாளியிடம் ஓடினேன். அவரும் எஞ்சினியரிங் படித்தவர்தான். "பூஜ்யம்னா பூஜ்யம்தானேம்மா, அதுல உன் பூஜ்யம் என் பூஜ்யம்னு சண்டை எதுக்கு? நாளைக்குக் கூட்டத்துல வாயைத் தொறக்காம உக்காரு."

கல்யாண மண்டபத்தில்

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் அந்தப் பச்சைப் படம், அதன் அடியில் தயாரித்தவர் என்று என் பெயர். மேனேஜர் பேசி முடித்ததும் மேரி அக்கா எழுந்து, அவரை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்து, "நீ போட்ட படமா இது?" என்றார். முதலாளி என் முழங்கையை அழுத்தினார். எழுந்துவிட்டேன். "நான் போட்டதில்லை. இதுல உயரம் தப்பு. மண்ணு கொட்டினா உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரும்க்கா," என்றேன். மண்டபம் கொந்தளித்தது. எனக்கு மனசு லேசாக இருந்தது.

தலைமை தாங்கிய அதிகாரி இரண்டு பூஜ்யங்களையும் பொறுமையாகக் கேட்டார். யாரையும் கண்டிக்கவில்லை, யார்டு கூடாது என்றும் சொல்லவில்லை. எது சரியான பூஜ்யம் என்று முடிவானதும் மறுபடி கூடலாம் என்று எழுந்துவிட்டார். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்றே தெரியவில்லை. வாசலில் மேரி அக்கா என் கையைப் பிடித்தார். "நீங்கோ முடிவு பண்ற வரைக்கும் கட்டில் காலுக்கு செங்கல்லு வச்சிக்கினே குந்திகினு இருக்கணுமா நாங்கோ?"

கூட்டத்தைத் தள்ளி வைத்தாகிவிட்டது, மழைக்காலத்தைத் தள்ளி வைக்கத்தான் எங்கள் தொழிலில் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.