தெரசா அக்காவைக் கேட்காமல் ஓடிய ஏர்கான்

போன வாரம் ஒரு மதியம். பெர்த்தில், மகளின் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் கணவர் செல்வத்தின் கைப்பேசி 'டிங்' என்றது. 'கருவி இணைப்பில் இல்லை.' மனிதருக்கு முகமே வெளுத்துவிட்டது.

கருவி இருப்பது மலேசியாவில், கிள்ளானில். மகளின் பிரசவத்துக்காக நாங்கள் இரண்டு மாதம் பூட்டிவிட்டு வந்த வீட்டில், படுக்கையறை ஏர்கானோடு சேர்த்து மாட்டியிருக்கிறார்.

ஆள் இல்லாத வீட்டில் ஏர்கான் எதற்கு? நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியாததா... போன முறை நீண்ட பயணம் முடிந்து திரும்பி அலமாரியைத் திறந்தால், என் கல்யாணப் புடவை முழுக்கப் பூஞ்சணம். அன்று உட்கார்ந்து அழுதேன். அதனால்தான் செல்வம் இந்த ஸ்மார்ட் கருவியை வாங்கினார். அறையில் ஈரம் கூடினால் ஏர்கான் தானாக 'டிரை' மோடில் ஓடும். குறைந்தால் தானாக நிற்கும். இந்தப் பெருமையை அவர் யாரிடம்தான் சொல்லவில்லை? விமான நிலையத்துக்கு எங்களை ஏற்றிச் சென்ற காரோட்டிகூடக் கேட்டுத் தொலைத்தார்.

இப்போது அது செத்துக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் புடவைகளின் கதி?

சாவி பக்கத்து வீட்டுத் தெரசா அக்காவிடம் இருக்கிறது. தனியாக வாழ்பவர். எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டவர். செல்வம் அவரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நம்ம வீட்ல கரண்ட் இல்லையா?"

"இருக்கு தம்பி. நான்தான் எல்லா சுவிட்சையும் அடைச்சேன்."

"ஏன்க்கா?"

"உள்ள ஆள் இருக்குன்னு பயந்துட்டேன் லா. பூட்டுன வீட்ல ஏர்கான் சத்தம் கேக்குது, வெளிய தண்ணி சொட்டுது. கேட்ல நிக்கிற செக்யூரிட்டி கார்டைக் கூட்டிட்டுப் போய்த் திறந்து பாத்தேன். யாரும் இல்ல. ரிமோட்ல அடைச்சிட்டு வந்தேன். மறுநாள் திரும்ப ஓடுது. அன்னையிலேர்ந்து ராத்திரி தூக்கமே இல்ல. அதான் இன்னைக்கு மொத்தமா அடைச்சேன்."

செல்வம் கருவியைப் பற்றி விளக்கினார். ஈரம், சென்சார், ஆப் எல்லாம் சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அக்கா?" என்றேன் நான்.

"பிள்ளை பெத்த வீடு. அங்க போய் இதைச் சொல்லி உங்களையும் பயமுறுத்தவா? ஷா ஆலத்துல மகன் வீட்டுக்குப் போயிரலாம்னு பைகூட கட்டிட்டேன்மா. அப்புறம் யோசிச்சேன். உங்க சாவி என்கிட்ட இருக்கே, எப்படி விட்டுட்டுப் போறது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. புடவைகளைப் பற்றிக் கேட்க மனம் வரவில்லை. அக்காவே சொன்னார்: "அலமாரியத் திறந்து பாத்தேன். துணிமணி நல்லாத்தான் இருக்கு. நீ கவலப்படாத."

நம்மில் பலர் இப்படித்தான். ஊருக்குப் புறப்படும்போது வைஃபை, கேமரா, ஆப் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறோம். நமக்காக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் சாவியை நீட்டிவிட்டு, "வரோம்க்கா" என்று காரில் ஏறிவிடுகிறோம். உங்கள் வீட்டில் எது தானாக ஓடும், எது தானாக எரியும் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு நிமிட வேலை.

அக்கா சுவிட்சை மறுபடி போட்டுவிட்டார். ஆனால் செல்வம் தானாக ஓடும் ஏற்பாட்டை எடுத்துவிட்டார். இப்போது ஈரம் கூடினால் கைப்பேசி அவருக்குச் சொல்கிறது, அவர் அக்காவுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்: "அக்கா, ஏர்கான் போடட்டுமா?"

நேற்று வந்த பதில்: "சர்ச்சுக்குக் கிளம்பிட்டேன் தம்பி. நான் வந்த பொறவு போடுங்க. திரும்பி வர்றப்ப சத்தம் கேட்டா மறுபடி பயந்துருவேன்."

புடவை காத்திருக்கட்டும்... அக்கா நிம்மதியாகப் பூசை பார்த்துவிட்டு வரட்டும்.