மலையில் தண்ணீர் கொடுத்தவன்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கையெழுத்து மட்டும் அழகாக வைப்பேன். அந்தக் கையோடு கடல் தாண்டி இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வந்து ஆறு வருடம் மாடிப்படி துடைத்தேன். பிறகு அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால், எவரும் எடுக்க விரும்பாத ஈரச்சுவர் அறையொன்றில் கடை போட்டேன். ஒரேத்தோவில் இரண்டு வீடு வாங்கினேன். எங்கள் கோயிலுக்கு முதல் மணி வாங்கிக் கொடுத்தவன் நான். அதில் என் பெயர் வெட்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் விடப் பெரிதாக நான் கட்டியது கண்ணுக்குத் தெரியாது. போருக்குப் பிறகு ஊரிலிருந்து சனம் களவாக இங்கே வர ஒரு பாதை. அதில் வந்த ஒருவர்கூடக் கடலில் சாகவில்லை.

அதற்கான காசு உண்டியல் முறையில், ஆள் மாறி ஆளாக வரும். வங்கி கிடையாது, ரசீது கிடையாது. ஒரு ரூபாய்த் தாளின் இலக்கத்தைச் சொன்னால் கை மாறும். யாருடைய காசு என்று கேட்பதில்லை. வருகிறவனிடமும் இரண்டே கேள்விதான்: எந்த ஊர், யாருடைய மகன். எங்கள் ஆட்களுக்கு அது போதும்.

அந்தப் பாதையில் வந்த ஒரு பெடியனிடமும் அவ்வளவுதான் கேட்டேன். நல்ல ஊர், நல்ல குடும்பம், தகப்பன் வாத்தியார். அவனுக்காக வந்த காசு மற்றவர்களுடையதைப் போல மூன்று மடங்கு. போர்க்காலத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து, ஒரேத்தோ வீட்டில் இருத்தினேன்.

போன செப்டெம்பரில் சாந்தா ரொசாலியா மலைக்கு ஏறினோம். சைவம், கத்தோலிக்கம் என்று பார்க்காமல் எங்கள் சனம் அந்தப் புனிதைக்கு நேர்த்தி வைத்து ஏறும். வழியில் தண்ணீர் கொடுப்பது என் செலவு. ஒரு வளைவில் அவனை அதற்கு நிறுத்தியிருந்தேன். அதையும் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

"இந்த மலையைக் கட்டினதும் நீங்கள்தான் எண்டு சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி.

எங்களுக்கு முன்னால், பகேரியாவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை வீட்டோடு இருந்து பராமரிக்கிற எங்கள் ஊர்ப் பெண் போனாள். அவன் அவளிடம் குவளையை நீட்டி, "குடியுங்கோ அக்கா, அவசரமில்லை," என்றான். அவள் வாங்கவில்லை. அப்படியே கல்லில் இருந்துவிட்டாள். வெயில் என்று நினைத்தோம்.

மறுநாள் கடைக்கு வந்தாள்.

"அண்ணை, தண்ணி தந்தவன் ஆர்?"

"எங்கடை பெடியன்தான். ஏன் தங்கச்சி?"

"என்ரை தம்பியைக் கொண்டுபோன முகாமுக்கு அவன்தான் பொறுப்பு. நான் ஒவ்வொரு நாளும் வாசலிலை போய் நிண்டனான். 'நாளைக்கு வாங்கோ அக்கா, அவசரமில்லை' எண்டு அனுப்புவான். உள்ளை அடிக்கிற சத்தம் கேக்கும். தம்பியின்ரை உடம்பை எங்கை தாட்டவங்கள் எண்டு ஒருக்கா கேக்கோணும் அண்ணை. அவனுக்குத்தான் தெரியும்."

"இஞ்சை நான் அசைக்காமல் ஒண்டும் அசையாது," என்றேன். "ஞாயிற்றுக்கிழமை உனக்கு முன்னாலை கொண்டுவந்து நிப்பாட்டிறன்."

அப்போதே அவன் இருந்த வீட்டுக்குப் போயிருந்தால் பஸ்ஸில் கால் மணி நேரம். ஆனால் எதையும் காசு அனுப்பியவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செய்வதுதான் என் தொழில் முறை. அவனுக்காகக் காசு வந்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது ஐயா. நாங்கள் பாக்கிறம்."

அவர் ஐயா என்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு காலை வீட்டைத் திறந்தபோது அறை கூட்டித் துடைத்திருந்தது. அவன் இல்லை. சாவி மேசையில் இருந்தது. தம்பியின் படத்தோடு அவள் என் பின்னால் வாசலிலேயே நின்றாள்.

"அப்ப நாளைக்கு வரட்டோ அண்ணை?" என்றாள்.

குத்திக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் படுக்கிறேன், எழும்புகிறேன். அவள் கடைக்கு வருவதில்லை.

பிறகு அவள் ஒரு வழக்கறிஞரிடம் போனாள். முறைப்பாட்டின் பிரதி தெரிந்தவர் ஒருவர் மூலம் என் கைக்கு வந்தது. இந்த நாட்டுப் பாஷையில் இருந்ததை என் மகள் வாசித்துச் சொன்னாள். தெரியாத ஆட்கள் அவனைக் கொண்டுவந்து, தங்க வைத்து, தப்ப வைத்தார்கள் என்று இருக்கிறது. அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

அது எனக்குச் சரிவராது. பாதை போட்டது நான். வீடு என்னுடையது. தொலைபேசி எடுத்ததும் நான்தான். அந்தத் தொலைபேசி இலக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதையும் அந்த வழக்கறிஞரிடம் கொண்டுபோகிறேன். தெரியாத ஆட்கள் என்பதை வெட்டிவிட்டு என் பெயரை முழுதாக எழுதட்டும். கீழே நானே கையெழுத்து வைக்கிறேன்.