மீனம்மாளின் ஹைட்ராலிக் பிரேக்

அரிமளம் கடைவீதியில் காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் அமைதி நிலவும். மீனம்மாளின் மெதுவடை எல்லார் வாயையும் அடைத்திருக்கும். நாற்பத்தெட்டு வயது, ஒன்றரை ஊருக்குக் கேட்கும் குரல், கேரியரில் வடைத் தூக்குவாளியோடு ஒரு பேட்டரி சைக்கிள். இதுதான் மீனம்மாள்.

சைக்கிளில் எல்லாம் நன்றாக இருந்தது, நிற்பதைத் தவிர. கண்மாய்க்கரை இறக்கத்தில் பின்பிரேக்கைப் பிடித்தால் ஊளையிடும், வேகம் குறையாது. முன்பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று பயம். அதனால் வலதுகாலைத் தரையில் தேய்த்தே நிறுத்துவாள். மாதம் ஒரு வலதுகால் செருப்பு தேய்ந்தது. இடதுகால் செருப்புகள் வீட்டில் புத்தம் புதிதாகக் குவிந்தன.

ஓர் ஆடி வெள்ளியன்று காலும் கைவிட்டது. நேராகப் போய் அய்யனார் கோயில் சுவரில் மோதி நின்றாள். முப்பது வடைகள் சாமி சன்னதிவரை உருண்டன.

ஓடிவந்த கணவர் ராசு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அய்யனாருதான் ஒன்னய நிப்பாட்டியிருக்காரு மீனா."

"அவரு எங்க நிப்பாட்டுனாரு? அவரு செவுருல்ல நிப்பாட்டுச்சு!" என்றாள், சிராய்த்த முழங்கையை ஊதியபடி.

மறுநாள் ராசு ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டினார். அவள் அதை அவிழ்த்து, பிழிந்து, சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, மெக்கானிக் ஆனந்தராஜிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இது கம்பி இழுக்குற பிரேக்குக்கா. கம்பி தொவண்டு போச்சு. ஹைட்ராலிக் போட்ருவோம். கம்பிக்குப் பதிலா குழாய்க்குள்ள எண்ணெய். ரெண்டு வெரலு போதும்."

"எண்ணெய்னா நாங் கொண்டாறேன். மூணு தடவ சுட்டதுதான்."

"அய்யோ அக்கா, அதுக்குன்னு தனி எண்ணெய் இருக்கு!"

திருச்சியிலிருந்து சாமான் வந்தது. ஆனந்தராஜ் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சிரிஞ்சால் எண்ணெயை ஏற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினான். அன்று இறக்கத்தில் இரண்டு விரலால் அழுத்தியதும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. இத்தனை நாள் சாலையை மட்டுமே பார்த்து இறங்கியவள், கண்மாயில் இவ்வளவு தண்ணீர் கிடக்கிறதா என்று வியந்தாள்.

பதினைந்து நாள்தான். மறுபடி ஊளை, மறுபடி வழுக்கல். கடைக்குள் புயலாக நுழைந்தாள்.

"என்னத்தடா மாட்டிவிட்ட?"

ஆனந்தராஜ் பின்பிரேக்கின் கட்டையைக் கழற்றினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மோந்து பார்த்தான்.

"அக்கா... மெதுவடை வாசம் வருது."

கேரியரை நிமிர்ந்து பார்த்தான். தூக்கின் அடியில் ஊசிமுனை ஓட்டை. வடை எண்ணெய் சொட்டுச் சொட்டாக, சக்கரத்தோடு சுழல அந்தக் கட்டை கவ்விப் பிடிக்கும் பிரேக் தட்டில் நேரே இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் பழைய பிரேக்கு?"

"அதுவும் நல்ல பிரேக்குதான் போலக்கா."

"இத அன்னைக்கே மோந்து பாக்க ஒனக்கு மூக்கு இல்லையா?"

"தெனமும் ஒங்க வடையத்தான திங்கிறேன். எங் கையிலயும் அதே வாசந்தான!"

தட்டைத் துடைத்துப் புதுக் கட்டை போட்டார்கள். ஓட்டையில்லாத தூக்கு ஒன்று முன்கூடைக்கு வந்தது. அதன்பிறகு வண்டி ஒழுங்காக நிற்கிறது. ஆனால் வடை இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், கடைவீதி சேர்வதற்குள் இரண்டு குறைந்துவிடுகிறது.

ராசு கேட்டால், "புதுப் பிரேக்கு பலமாப் புடிக்குதுல்ல, எகிறி விழுந்துருதுங்க" என்பாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு.