ஒக்கலிபுரத்தில் ஏழு நாள் மூச்சைப் பார்த்தேன்

நான் தியானம் கற்கப் போனது பக்தியால் அல்ல, கோபத்தால். ஜோலார்பேட்டையில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். திலகம் என்று ஒரு மாணவி. கணக்குப் போட்ட சிலேட்டை என்னிடம் நீட்டும்போதே கண்களை இறுக மூடிக்கொள்வாள். அடி விழும் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். என் கை அப்படிப்பட்டது. ஒரு நாள் கணக்கு முழுக்கச் சரி. நான் சொல்லியும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் தையல் டீச்சரிடம் சொல்லி அழுதேன். "பெங்களூர்ல என் தங்கச்சி ராஜம்மாவும் அவ வீட்டுக்காரரும் தியானம் சொல்லித் தராங்க. ஒரு வாரம் போய்ட்டு வாங்க டீச்சர்" என்றார். 1955 தசரா விடுமுறை தொடங்கிய மறுநாளே கிளம்பிவிட்டேன்.

காலை 5.40க்குப் பாசஞ்சர். தொண்ணூறு மைல்; மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டு ரூபாய் ஒன்பது அணா. குப்பத்தில் இட்லி, பங்காருப்பேட்டையில் காப்பி. 11.10க்குப் பெங்களூர் சிட்டி. உச்சி நேரத்திலும் வெயில் சுடவில்லை, அதற்கே எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அது ஜட்காக்காரரிடம் போகும் வரைதான்.

"ஒக்கலிபுரமா? நடந்தா பத்து நிமிசம்தாம்மா. பொட்டி கனமா கீதே, ஆறணா குடுங்க."

பத்து நிமிஷ வழிக்கு ஆறணாவா என்று பிடித்துக்கொண்டேன். குதிரையே திரும்பிப் பார்த்தது. கடைசியில் அவர், "எதுக்கும்மா வந்திருக்கீங்க?" என்றார். தியானம் கற்றுக்கொள்ள என்றேன். மனிதர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "சீக்கிரம் ஏறுங்கம்மா, நாலணா போதும்" என்றார்.

ராஜம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. பஞ்சாலையில் வேலை. கணவர் முனுசாமி ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். இருவரும் பன்னிரண்டு வருஷமாகத் தியானம் செய்கிறவர்கள். ஓர் அறை, சுவரில் புத்தர் படம், வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். நாள் முழுக்க எஞ்சின்கள் கூவிக்கொண்டு முன்னும் பின்னும் போகின்றன. இங்கேயா தியானம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலை ஐந்து மணிக்கு ஆறு பேர் பாயில் உட்கார்ந்தோம். மூக்கு நுனியில் மூச்சைக் கவனித்துப் பத்து வரை எண்ண வேண்டும். மனம் ஓடினால் மறுபடி ஒன்றிலிருந்து. என்னால் மூன்றைத் தாண்ட முடியவில்லை. நூற்றுக்கு முப்பது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்! பக்கத்தில் இருந்த ஆலைத் தொழிலாளி இருமினார். "உஷ்!" என்றேன். பாவம், கைகட்டிக்கொண்டார்.

முனுசாமி நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தார். "மூச்சுக்கு எதுக்கு டீச்சரம்மா மார்க்கு? அது பாஸும் ஆவாது, ஃபெயிலும் ஆவாது."

எஞ்சின் சத்தத்தைப் பற்றி ராஜம்மாவிடம் புகார் சொன்னேன்.

"கூவட்டுமே. கூவுறப்போல்லாம் உங்க மூச்சு எப்டி கீதுன்னு சொல்ப, கொஞ்சம் பாருங்க. மில்லுல நூல் அறுந்தா நான் அப்டித்தான். மொதல்ல மூச்சு, அப்புறம் நூலு."

மூன்று நாள் எதுவும் நடக்கவில்லை, கால் மரத்துப் போனதைத் தவிர. நான்காம் நாள் தெருக்குழாயில் ஓர் அம்மாள் என் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். என் கை ஓங்கிவிட்டது. அப்போது பார்த்து எஞ்சின் கூவியது. மூச்சு தெரிந்தது எனக்கு! சூடாக, அவசர அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கை தானாக இறங்கியது. "நீங்களே மொதல்ல புடிங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ராஜம்மா, பாத்துட்டேன்! பாத்துட்டேன்!"

"சரி, தண்ணி எங்க டீச்சரம்மா?"

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சம்பளம் வாங்க மாட்டார்கள். ஒரு சீப்பு பழம் போதும். விடியற்காலைக் குளிருக்குப் போர்வை அவசியம், மடித்துப் போட்டு உட்காரவும் ஆகும். ஆறரைக்கு இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள், அதன் பிறகு மாலை ஆறுக்குத்தான் வகுப்பு. போக வர எல்லாமாக எனக்குப் பன்னிரண்டு ரூபாய் ஆனது. சத்தமில்லாத இடம் தேடி அலையாதீர்கள். எனக்கு இப்போது பள்ளிக்கூட மணிதான் எஞ்சின்.

பள்ளி திறந்த அன்று திலகம் கண்ணை மூடிக்கொண்டுதான் சிலேட்டை நீட்டினாள். மறுநாளும் அப்படியே. எனக்குச் சொல்லித்தர இரண்டு பேர் இருந்தார்கள். என் கை மாறிவிட்டது என்று அவளுக்கு யார் சொல்வது? நான் அடிக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காத்திருந்தேன்.

நேற்று இரண்டு கணக்கும் தப்பு. சிலேட்டை நீட்டியவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா டீச்சர்?" என்று கேட்டாள்.