அச்சு அசலாக ஒரு பம்ப்

போன சனிக்கிழமை, நானே தயாரித்த பம்ப் என் மூஞ்சியில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. அதுவும் மச்சான் முன்னால்!

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். கொத்து பிடிக்கிற நேரத்தில் விடாத மழை, இலையெல்லாம் நோய். உடனே மருந்தடிக்காவிட்டால் இந்த வெள்ளாமை போச்சு. அந்த நேரம் பார்த்து ஸ்பிரேயர் பம்ப்பில் பிரஷர் நிற்கவில்லை. பழைய மாடல், ஸ்பேர் கிடையாது. பம்ப் பாடியைக் கழற்றிக்கொண்டு தேனியில் இருக்கும் என் வொர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார்.

"இதான் சாம்பிள் மாப்ள. இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புது சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அதைக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அளவெடுத்துப் படம் போட்டுக் கொடுத்தால் போதும்... எது ஓட்டை, எது பள்ளம், எது மேடு என்று அதுவே பிரித்துக்கொள்ளும். மெஷின் எதை முதலில் வெட்டுவது, எதற்கு எந்த டூல் என்று வரிசையும் அதுவே போட்டுத் தரும்.

குறுக்கும் நெடுக்குமாக ஓட்டைகள் ஓடுகிற சிக்கலான பாடி அது. உட்சுவரில் நீளமாக ஒரு மெல்லிய பள்ளம் வேறு. ஆயில் போவதற்கு எவனோ எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான் என்று மெய்சிலிர்த்துப் போனேன். இம்மி பிசகாமல் அளந்து படத்தில் சேர்த்தேன். சாஃப்ட்வேரும் மரியாதையாக அதற்கென்று தனி டூல் ஒதுக்கியது!

மெஷின் வெட்டித் தந்த புது பாடியைத் தோட்டத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். பிரஷர் நிற்காமல் தண்ணீர் என் மூஞ்சியில் பீய்ச்சியது. மச்சான் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"மாப்ள... இந்த எடம் தேஞ்சு பள்ளம் விழுந்ததாலதான ஒங்ககிட்ட கொண்டாந்தேன். அதையும் சேத்துச் செஞ்சுட்டீகளே!"

தேய்மானத்தைப் புத்தம் புதிதாகச் செய்து கொடுத்த ஆள் உலகத்தில் வேறு யாராவது உண்டா? கம்ப்யூட்டரைத் திட்டவும் வழியில்லை — நான் வரைந்ததைத்தானே அது வெட்டியது. அவமானமாக இருந்தது. மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது.

முதுகில் மாட்டுகிற கைத்தெளிப்பான் இரண்டு கிடந்தன. மச்சானுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியில் இறங்கினோம். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது. நல்லவேளை, மேகம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டது. பொழுது சாயும்போது கடைசி வரிசையை முடித்தோம். வெள்ளாமை தப்பியது.

மச்சான் பந்தலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு கொத்து விடாம அடிச்சிருக்கீக மாப்ள. அடுத்த மருந்துக்கும் வந்துருங்க... பம்ப்ப நான் கம்பம் டவுன்ல வேற பட்டறையில குடுத்துக்கிறேன்."