பூட்டுச் சின்னம் போன இரண்டு நாள்: மன்னார்குடி வழியாகக் கடைமடை வரை

புரட்டாசி மூன்றாவது வாரம், புதன்கிழமை காலை 6.50க்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் மன்னார்குடி பஸ் ஏறினேன். சுற்றிப் பார்க்க அல்ல. நாங்கள் நடத்தும் சிறிய இணையதளம் அன்று விடிந்ததிலிருந்து யாருக்கும் திறக்கவில்லை. அதன் சர்வர் மன்னார்குடியில் ஒரு விவசாயிகள் சங்க அலுவலகத்தில், மேசைக்கு அடியில் இருக்கிறது. வெளியிலிருந்து எவரும் நுழைந்துவிடக் கூடாது என்று, தொலைவிலிருந்து அதை இயக்கும் வழியை நானேதான் மூடி வைத்திருந்தேன். ஆகவே நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை. சொந்த சர்வர் வைத்துக்கொண்டு, அது படுத்தால் பஸ் பிடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி நிறையப் பேர் இருக்க மாட்டீர்கள். இருக்கிற சிலருக்காவது பயன்படட்டும்.

தளம் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, எந்த மதகை எத்தனை மணிக்குத் தண்ணீர் தாண்டியது என்று ஒவ்வொரு மதகருகிலும் ஒருவர் பதிவார். கீழே இருப்பவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் மடையைத் திறக்கவும் நடவுக்கு ஆள் சொல்லவும் தயாராவார்கள். போன வருடம் வாட்ஸாப்பில் யாரோ ‘தண்ணி வந்தாச்சு’ என்று பொய்யாக ஒன்றைச் சுற்றவிட, வாய்க்கால் முடியும் கடைமடையில் பலர் நடவுக்கு ஆள் கூட்டிவந்து ஏமாந்தார்கள். அதற்குப் பிறகுதான் தளம். பள்ளியில் முதலில் இயற்பியல், பிறகு கணினி அறிவியல் என்று முப்பத்தொரு வருடம் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் நம்புங்கள், இல்லையென்றால் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பஸ் கட்டணம் முப்பது ரூபாய். தூரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். வடுவூர் ஏரி தாண்டும்வரை உட்கார இடமில்லை. கையில் மடிக்கணினிப் பையோடு நின்ற என்னைப் பார்த்த நடத்துநர், “ஏம்மா, பையில ஓட்டு மெஷினா, எலெக்‌ஷனா?” என்றார். “இல்லப்பா, ஒரு கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்ல” என்றேன். “அதுங்களுக்கும் வீட்டுக்கே வந்து பாக்குற டாக்டரா!” என்று சிரித்தபடி முன்னால் போனார். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பஸ்ஸில் எனக்குக் கவலை பெரிதாக இல்லை. நோய் என்னவென்று தெரியும் என்று நினைத்திருந்தேன். பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்கிறது. அது பள்ளி அடையாள அட்டை மாதிரி. ‘இந்த முகவரிக்காரர் இவரேதான்’ என்று வெளியிலுள்ள ஓர் அமைப்பு கொடுப்பது. எங்களுடையது தொண்ணூறு நாள் செல்லும். அது தீர்ந்துபோயிருக்கிறது. புதிதாக வாங்கும் கட்டளை ஒரே வரி. காலை 5.45க்கே அதை வாட்ஸாப்பில் சங்கச் செயலர் செல்வராஜுக்கு அனுப்பிவிட்டேன். அவர் அலுவலகத்துக்கு எதிர்வீட்டுக்காரர், ஐம்பது வயது, எதையும் உடனே செய்கிற மனிதர். கட்டளையைப் போட்டார். போட்ட பிறகும் பிரவுசரில் எச்சரிக்கைத் திரை சிவப்பாகத்தான் இருந்தது.

8.05க்கு மன்னார்குடி. பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகத்துக்குப் பத்து நிமிட நடை. செல்வராஜ் வாசலிலேயே நின்றார்.

“டீச்சர், பகல் ரெண்டு மணிக்கு ஷட்டர் தூக்குறாங்களாம். நாளைக்கு வெடியக்காலம் நாலு, அஞ்சுக்குக் கடைசி மடைக்குப் போயிடும். நேரமில்ல.”

“அரை மணி நேர வேலைங்க. டீ சொல்லுங்க” என்றேன்.

அந்த அரை மணி நேரத்தில் நான் செய்ததை எந்த மாணவி செய்திருந்தாலும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். கணக்கு தவறினால் அடித்துத் திருத்தாதே, பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து போடு என்பது என் பழக்கம். சான்றிதழ்கள் இருந்த ஃபோல்டரை, அவற்றை இயங்க வைக்கும் ரகசியச் சாவிக் கோப்புகளோடு, மொத்தமாக அழித்தேன். சர்வரை நிறுத்தினேன். பிறகு புதிதாகக் கேட்டேன். மறுப்பு வந்தது. ‘இதே பெயருக்கு அளவுக்கு மேல் சான்றிதழ்கள் கொடுத்தாகிவிட்டது. நாளை மாலை நான்கு மணிக்குப் பிறகு கேளுங்கள்’ என்பதுதான் அதன் சாரம்.

“செல்வராஜ், நான் அனுப்பிச்ச வரிய எத்தன தடவ போட்டீங்க?”

அவர் டீயைக் கீழே வைத்தார். “நான் ஒரு தடவதான் டீச்சர்.”

“நீங்க ஒரு தடவ. வேற யாரு?”

“பொருளாளர் ஒரு தடவ போட்டுப் பாத்தாரு. அப்பறம் அவரு மருமவன். எங்க வீட்ல அவங்க. கடைசியா பக்கத்துக் கடைக்காரர் வந்து, எனக்குக் கைராசி உண்டுன்னு ஒரு அமுக்கு அமுக்குனாரு. ரேஷன் கடையில என் ரேகை விழலன்னா எங்க வீட்டம்மா வைக்கும், அதுக்கும் விழலன்னா புள்ள வைக்கும்ல... அது மாதிரின்னு நெனச்சோம். ஒவ்வொரு தடவயும் நல்லபடியா முடிஞ்சுதுன்னுதான் போட்டுச்சு. ஆனா செவப்பு போவல.”

ஐந்து தடவை. ஐந்துமே வெற்றி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உண்மையில் புதுச் சான்றிதழ் ஒரு மாதத்துக்கு முன்பே தானாக வந்து ஃபோல்டரில் இருந்திருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த சர்வர் பழையதையே நினைவில் பிடித்திருந்தது. புதியதைத் திரும்பப் படி என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி ஒரு வரியை நான் அமைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். புது வருகைப் பதிவேடு மேசைமேல் இருக்க, ஆசிரியர் பழைய பதிவேட்டையே வாசிப்பது போல. நான் வந்தவுடன் சர்வரை ஒருமுறை ரீலோட் செய்திருந்தால் போதும். ஒரு நிமிடம். அதற்குப் பதிலாக, நல்ல நிலையில் இருந்த எல்லாச் சான்றிதழ்களையும் என் கையாலேயே அழித்திருந்தேன். வாரத்துக்கு ஐந்து, தீர்ந்தால் அடுத்ததற்கு ஒன்றரை நாள் காத்திருக்க வேண்டும் என்ற வரம்பும் தீர்ந்துபோயிருந்தது.

நானே ஒரு சான்றிதழ் தயாரித்துப் போட்டுப் பார்த்தேன். தன் மதிப்பெண் பட்டியலில் தானே கையெழுத்திட்ட மாணவனை யார் ஏற்பார்கள்? பிரவுசர் ஏற்கவில்லை. ‘பரவாயில்லை, திற’ என்று தட்டி உள்ளே போகும் வழியும் இல்லை. பூட்டு இல்லாமல் எங்கள் தளத்தை எப்போதும் திறக்கக் கூடாது என்று பிரவுசர்களுக்கு ஆணையிடும் அமைப்பை ஆடி மாதம் பெருமையோடு போட்டு வைத்தவளும் நான்தான்.

மதகுக்காரர்கள் செல்வராஜுக்கு நேரத்தைப் போனில் சொல்ல, அவர் வாட்ஸாப் குழுக்களில் போட ஆரம்பித்தார். எல்லாருடைய எண்ணும் எங்களிடம் இல்லை. இருந்தவர்களுக்கு இரண்டு பேருமாகச் சாயங்காலம் வரை பேசினோம். பாதிப் பேர் எடுக்கவில்லை. அன்று பெரிய குளத்துக்குப் பக்கத்தில் எழுநூறு ரூபாய் அறையில் தங்கினேன். அறை சுத்தமாக இருந்தது. பெண்கள் தனியாகத் தங்கலாம். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

வியாழன் காலை 6.15க்குத் திருத்துறைப்பூண்டி பஸ். இருபத்தெட்டு கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய், ஒரு மணி நேரம். வழியெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் செங்காவி நிறத்தில் கரை தொட்டு ஓடியது. நடவு வயல்களில் பெண்கள் குனிந்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் இறங்கிப் படம் எடுத்திருப்பேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் சாலையில் டவுன் பஸ்; பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைமடைக் கிராமத்தின் நிறுத்தத்தில் இறங்கும்போது 9.10. உள்ளே மூன்று கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய்.

நான் தேடிப்போனது ஆரோக்கியமேரியை. எட்டு மா, அதாவது இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல், குத்தகைக்கு எடுத்துச் சம்பா செய்கிறவர். அவருடைய கிளை வாய்க்காலில் கடைசி வயல் அவருடையது. அதே வாய்க்காலில் வயல் வைத்திருக்கும் மற்ற இருவர் இந்த வருடம் தரிசாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே அந்த வாய்க்காலின் தலைப்பில் தண்ணீரை மறித்து நிற்கும் பலகையைத் தூக்குவதற்கு அவரைத் தவிர ஆள் கிடையாது. போன முறை தண்ணீர் அவர் வரைக்கும் எட்டவேயில்லை. நாற்றுக்கு வயது நாற்பது நாள் ஆகிவிட்டது. இந்த முறை தவறினால் நாற்று முற்றிவிடும். போன மாதக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பூட்டு எங்கே இருக்கும் என்று இரண்டு தடவை கேட்டவர் அவர். அவருடைய எண்தான் எங்களிடம் இல்லை.

ஆட்டோ வாய்க்கால் தலைப்பிலேயே நின்றது. பலகை இறங்கியபடியே இருந்தது. பெரிய வாய்க்காலில் தண்ணீர் வடிந்து, கரையில் ஈரக்கோடு ஒரு முழம் மேலே தெரிந்தது. அந்தப் பக்கம், அவருடைய வாய்க்காலில், மண் வெடித்துக் கிடந்தது.

“முக்காவாசி கடலுக்குப் போயிடுச்சுங்க” என்றார் ஆட்டோக்காரர். “மேரியக்கா உப்பளத்துக்குப் போயிருக்கும். பத்தரைக்கு வரும்.”

அவர் வந்தார். உப்பு காய்ந்த வெள்ளைக் கால்களோடு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு என் பின்னால் இருந்த வாய்க்காலைப் பார்த்தார்.

“தண்ணி வந்துச்சா டீச்சர்?”

“அஞ்சு நாப்பதுக்கு வந்திருக்கு மேரி. வாட்ஸாப்புல சுத்துச்சே, பாக்கலயா?”

“மேல் மதக தாண்டிடுச்சுன்னு யாரோ அனுப்புனாங்க, பாத்தேன்.” கைபேசியை எடுத்துக் காட்டினார். “நாலு மணிக்குப் பாத்தேன், நாலரைக்கும் பாத்தேன். நம்ம தளத்த தொறந்தா செவப்பாவே வந்துச்சு. பூட்டு இல்ல. போன வருசம் இதே மாதிரி வாட்ஸாப்ப நம்பி எட்டு பொம்பளைங்கள கூட்டியாந்து வயல்ல நிறுத்துனேனே. பூட்டு இல்லன்னா யாரு சொன்னாலும் நம்பாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. சரி பொய்யாத்தான் இருக்கும்னு வேலைக்குப் போயிட்டேன்.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பாடத்தைச் சரியாக ஒப்பிக்கும் குரல் அது.

இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கினோம். கணுக்கால் அளவுத் தண்ணீர் உள்ளே புகுந்து, முப்பது அடி போய், வெடிப்புகளில் இறங்கி நின்றுவிட்டது. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தப்பு என்னோடது மேரி” என்றேன். “அதுக்கென்ன டீச்சர் செய்யறது. வெயில்ல நிக்காதீங்க, வாங்க, டீத்தண்ணி போடறேன்” என்றார். அந்த டீயைக் குடித்து முடிப்பது எனக்குக் கடினமாக இருந்தது.

மதியம் மன்னார்குடிக்குத் திரும்பினேன். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. ரீலோட் செய்தேன். பூட்டு வந்தது. செல்வராஜ் கைதட்டினார், நான் தட்டவில்லை. அவர் எல்லா மதகு நேரங்களையும் பின்தேதியிட்டுப் பதிந்தார். கடைசி மதகு, காலை 5.40. முற்றிலும் உண்மையான, பூட்டுப் போட்ட தகவல்.

வெள்ளிக்கிழமை, பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்னாள்: “டீச்சர், அந்த அஞ்சு வரம்பு அதே பெயர்ப் பட்டியலுக்கு மட்டும்தான். முன்னால www சேத்து இன்னொரு பேரையும் போட்டுக் கேட்டிருந்தீங்கன்னா, அது வேற சான்றிதழ்னு உடனே குடுத்திருக்கும்.” அந்த இன்னொரு முகவரி எங்களிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். புதுச் சான்றிதழ் வந்ததும் சர்வர் தானே ரீலோட் ஆகும்படி அமையுங்கள். ஒரு தடவை சோதித்தும் பாருங்கள். சிவப்பு வந்தால் எதையும் தொடுவதற்கு முன் ஃபோல்டரில் இருக்கும் சான்றிதழின் தேதியையும் பிரவுசரில் தெரியும் தேதியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் ரீலோட் போதும். கட்டளையை எத்தனை பேர் எத்தனை தடவை போட்டார்கள் என்று டீக்கு முன்பே கேளுங்கள். எதையும் அழிக்காதீர்கள்; வேறு இடத்துக்கு நகர்த்தி வையுங்கள். பயிற்சிக்கென்று வரம்பு தளர்ந்த சோதனைத் தடம் தனியாக உண்டு, தப்புகளை அங்கே செய்யுங்கள். போக்குவரத்துக்கு, தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு அடிக்கடி பஸ் உண்டு. கடைமடைக்கு நண்பகலுக்குப் பிறகு டவுன் பஸ் குறைவு. எல்லாவற்றுக்கும் முன்னால், கடைசி வயல்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து மேரி போன் செய்தார். அடுத்த முறை தண்ணீரும் வந்துவிட்டதாம், சரியான நேரத்துக்குப் பலகையையும் தூக்கினாராம். ஆனால் நாற்று கணு விட்டுவிட்டது. நட்டால் தூர் கட்டாது என்று அறுத்து ஆட்டுக்குப் போட்டுவிட்டாராம். மறுபடி விதைக்க நெல்லும் இல்லை, நாளும் இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

“டீச்சர், இனிமே செவப்பு வந்தா நம்பவா, வேணாமா?”

வேண்டாம் என்பதுதான் இப்போதும் சரியான பதில்.