பனிக்குப் பழக்கிய கை

தண்ணீர் நிரப்பிய பித்தளைப் போசியில் ஐஸ் கட்டியை இறக்கியதும் முதலில் ஒரு சத்தம் வரும். கட்டிக்குள் எங்கோ விரிசல் விடுகிற சத்தம். அதைக் கேட்டதும் முதலாளி சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். "ஆச்சுங்களா தம்பி?" என்பார். "ஆச்சுங்க" என்பேன். வலது கை உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐஸ் பேக்டரியிலிருந்து சாக்கில் சுற்றி, மரத்தூள் அப்பி வருகிற கட்டி அது. சமையல்காரர் அதைக் கழுவிப் போசியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. அவிநாசி ரோட்டில் முதலாளிக்குப் பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி ஒன்று இருந்தது. நான் அதில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஆள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவதுதான் என் வேலை. ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகத்தான் முதலாளி என்னை அழைத்தார். காங்கேயத்துப் பக்கம் மானாவாரி பூமியில் பிறந்து, மாட்டுக்கும் மழைக்கும் நடுவில் வளர்ந்து, பிறகு பஞ்சுக்கு வந்தவர் அவர். மனைவி இறந்து பல வருடங்கள். பிள்ளை இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் வீடு. அப்போது ஆர்.எஸ்.புரம் என்றால் பாதி வீடு, பாதி சோளக்காடு. யாராயிருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கூலிக்காரனை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட, "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றுதான் சொல்வார்.

அவருக்குப் பனிநாட்டுப் பைத்தியம் பிடித்த கதை சின்னது. இங்கிலாந்திலிருந்து மெஷின் சாமான் ஒரு பெட்டி வந்தது. உடையாமல் இருக்க உள்ளே பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் திணித்திருந்தார்கள். அதில் ஒரு தாளில் ஒரு படம். கடலில் இருந்து நேராக எழும்புகிற பாறை. அதன் விளிம்பு விளிம்பாக ஆயிரக்கணக்கில் பறவைகள். கூடு கிடையாது, வெறும் கல்லின் மேலேயே முட்டை. முதலாளி அந்தத் தாளை உள்ளங்கையால் தேய்த்து நிமிர்த்தி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும் என்பதால் அடியில் இருந்த நாலு வரியைப் படித்துச் சொன்னேன். "வடதுருவத்துக்குப் பக்கமுங்களா?" என்றார். இரண்டு நாள் கழித்து, "நேர்ல போய் ஒரு படம் எடுத்துப்போட்டு வரோணுமுங்க தம்பி" என்றார். ஊட்டிக்குப் போய்வருகிற மாதிரி சொன்னார்.

அப்புறம் ஒரு வருடம் எங்களுக்கு அதுதான் பேச்சு. பம்பாயில் கப்பல் ஏறி, இங்கிலாந்து போய், அங்கிருந்து நார்வே, அங்கிருந்து வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகள். ஜூன் மாதம் போனால் அங்கே சூரியன் அஸ்தமிக்காது, படம் எடுக்க வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. வெண்கரடி பார்க்கலாம். கிளி மூக்கு வைத்த வாத்து மாதிரி ஒரு பறவை உண்டு, பஃபின் என்று பெயர், அதைப் பார்க்கலாம். பூமியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வருடா வருடம் பறந்து திரும்புகிற ஆலா என்ற வெள்ளைப் பறவை ஒன்று உண்டு. முதலாளிக்கு அதன்மேல்தான் கண். "நம்ம குடோன்ல பஞ்சு கொட்டிக் கெடக்குற மாதிரி நாடே வெள்ளையாக் கெடக்குமாமுங்க, அதுல இந்த ஆலாவை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? சிங்காநல்லூர் குளத்துக்குப் போய் நாரைகளையும் நீர்க்காகங்களையும் வைத்துப் படம் எடுத்துப் பழகினோம். கேமராத் தகடு பத்துக்கு ஒன்பதில் வெறும் தண்ணீர்தான் படமாக விழும். அவருக்கு அலுப்பே கிடையாது. கம்பளிக் கோட்டுக்கு அளவெடுத்த தையற்காரர், காலர் ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டார். காதை மூடுவதற்கு என்றோம். "அதுக்குத் தலையில உருமால் கட்டிக்கிட்டாப் போதாதுங்களா?" என்றார் அவர். முதலாளி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ரோடுவரை கேட்டிருக்கும்.

கேமராவில் கண்ணாடித் தகடு மாற்றுவதற்குக் கறுப்புத் துணிப் பைக்குள் வெறும் விரலை விட்டுத் தடவித் தடவி வேலை செய்யவேண்டும். கையுறை போட்டால் ஆகாது. அந்தப் பக்கம் போய்வந்த ஒரு வெள்ளைக்காரருக்குக் கடிதம் எழுதிக் கேட்டோம். இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிடும், ஜாக்கிரதை என்று பதில் வந்தது. அதற்காகத்தான் ஐஸ். கையைப் பழக்கிக்கொண்டால் போகிறது என்பது முதலாளியின் கணக்கு. மாட்டைப் பழக்கியவருக்குக் கையைப் பழக்குவதா பெரிது?

இன்னொன்றையும் இங்கே எழுதிவிடவேண்டும். என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். தகடு எடுத்துக் கொடுக்க, நேரம் எண்ண ஒரு ஆள் வேண்டுமே. "நீங்க இல்லாம எனக்கு அங்க என்னுங்க தெரியும்?" என்றார். ஈரோட்டைத் தாண்டாத ஆள் நான். வீட்டில் சொன்னேன், தெருவில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். எனக்குக் கப்பல் கனவாகவே வந்தது.

முதல் ஞாயிறு வலது கை இரண்டு நிமிடம் தாங்கியது. முதலாளி உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். இடது கை ஒன்பது நிமிடம். இரண்டாம் ஞாயிறு வலது இரண்டரை, இடது பதினொன்று. "இடது கை முந்திக்கிச்சுங்க தம்பி. சோத்துக்கை சோம்பேறி" என்று சந்தோஷப்பட்டார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறிய தோல். தேமல் என்று அவரே சொல்லியிருந்தார். சுண்டுவிரல் லேசாக வளைந்திருந்தது. கொதிக்கிற காபி டம்ளரை அவர் இடது கையில் பிடித்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் பெரியப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் அடுப்பிலிருந்து விழுந்த தணலை விரலால் எடுத்து உள்ளே போட்டுவிட்டு, சுட்டதே தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவரைத் தோட்டத்துச் சாளைக்கு, அந்த ஒற்றைக் குடிசைக்கு அனுப்பிவிட்டோம். சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

ஆகவே எனக்குத் தெரியும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே தெரியும். பெருவியாதி, குஷ்டம் என்கிற அந்த வார்த்தையை ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேராகச் சொல்வது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். கெட்ட சேதியை யாராவது சொல்லட்டும் என்று ஆளுக்கு ஆள் விட்டுவிடுவோம். அதற்குப் பெயர் மரியாதை. சமையல்காரர் முதலாளியின் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததைச் சமையல்காரரும் பார்த்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மரியாதை மட்டுமா என்றால், இல்லை. சொன்னால் பயணம் போய்விடும். எனக்குக் கப்பல் வேண்டியிருந்தது.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பொய் சொன்னேன். இடது கை பதினேழு நிமிடம் ஐஸில் கிடந்தது. நான் ஆறு என்றேன். அடுத்த வாரமும் ஆறு, அதற்கடுத்த வாரம் ஆறேகால். பதினொன்று எப்படி ஆறாயிற்று என்று முதலாளி கேட்கவில்லை. வாழ்நாளில் நான் தப்பாகச் சொன்ன நேரம் அதுதான். ஆறு நிமிடம் என்றால் கேட்கிறவனுக்குச் சந்தேகம் வராது என்று எண்ணம். கையை முன்னாலேயே எடுக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வராத வலிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வலித்தால்தானே எடுப்பது? எடுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் சும்மா இருந்தேன். மாசி மாதம் சுண்டுவிரல் நுனி கறுத்தது. "எங்கியோ சூடு பட்டிருக்குமாட்ட இருக்குதுங்க" என்றார். "இருக்குமுங்க" என்றேன். எனக்கு அப்போது பயமோ இரக்கமோ ஒன்றும் வரவில்லை. மார்புக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

கப்பல் ஏஜெண்டு டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டான். டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். வயதானவர், நிதானமானவர். நாக்கு, நெஞ்சு, கண் எல்லாம் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க. நான் தொடுற எடத்தை மத்தக் கை வெரலால காட்டுங்க" என்றார். வலது கையில் இறகு பட்ட இடமெல்லாம் முதலாளி சரியாகத் தொட்டுக் காட்டினார். பரீட்சையில் தேறுகிற மாதிரி முகத்தில் ஒரு பெருமை. பிறகு டாக்டர் இடது கைக்கு வந்தார். மணிக்கட்டில் தடவினார். புறங்கையில், விரலிடுக்கில், அந்த வெளிறிய இடத்தில், சுண்டுவிரலில். ஒன்பது இடம், நான் எண்ணினேன். முதலாளி கண்ணை மூடியபடி, வலது விரலைத் தயாராக நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "ஆரம்பியுங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் இறகைக் கீழே வைத்தார். கப்பலுக்கு எழுதித் தர முடியாது என்றும், நீரடிமுத்து எண்ணெய் ஊசி வாரம் இரண்டு போடவேண்டும் என்றும் மெதுவாகச் சொன்னார். நோயின் பெயரைச் சொல்லவில்லை. கறுத்த விரலைப் பார்த்துவிட்டு, "இதை எதுலீங்க வச்சீங்க?" என்றார். முதலாளி ஐஸ் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். "சித்தெ முந்தி வந்திருந்தா இந்த வெரலு தப்பிச்சிருக்குமுங்க" என்றார். அதை முதலாளியிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரை முதலாளியே ஓட்டினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பேசினார். "தம்பி, நீங்க ஆறு நிமிஷம்னு சொல்றப்ப நானும் மனசுக்குள்ள எண்ணிட்டுத்தானுங்க இருந்தேன்."

"கேட்டிருக்கலாமுங்களே" என்றேன்.

"கேட்டா நீங்க பதில் சொல்லோணும். உங்களுக்குச் சங்கடமா இருக்குமுன்னு உட்டுட்டனுங்க." கேட் திறந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு மாட்டு வண்டிக்காரர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். "அதுவுமில்லாம, எனக்கும் போகோணுமுன்னு இருந்துச்சுங்க" என்றார்.

என்னை என் தெரு முனையில் இறக்கிவிட்டார். நீங்கள் மட்டும் போய்வாருங்கள், ஏற்பாடெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் மனசு துள்ளியது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் நான் போகவில்லை. போகும் தகுதி இல்லை என்று நினைத்ததாக நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் இல்லாமல் அவ்வளவு தூரம் போகப் பயம். இப்போது என் பேரன் டெலிவிஷனில் அந்தப் பறவைப் பாறையைப் போட்டுக் காட்டுகிறான். ஆலா பறக்கிறது. அந்த நோய்க்கும் மாத்திரை வந்துவிட்டது, சாப்பிட்டால் சரியாகிறது என்கிறார்கள். இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை.

அன்றைக்குத் தெரு முனையில் இறங்கியதற்குப் பிறகு ஐந்து மாதம் முதலாளியைப் பார்க்க நான் போகவில்லை. பேக்டரியை மானேஜர் பார்த்துக்கொண்டார். முதலாளி காங்கேயத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க தம்பி, வெயில்ல வந்துபோட்டீங்களே" என்று சிரித்தார். கட்டிலிலிருந்து பத்தடி தள்ளி ஒரு நாற்காலி போட்டிருந்தது. வருகிறவர்கள் எங்கே உட்காருவது என்று தயங்கிக் கூசக் கூடாதே என்று, அவரே தினம் காலையில் அளந்து போடச் சொல்வாராம். தோட்டத்து ஆள் எனக்கு மோர் கொண்டுவந்தபோது சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். கொக்கு பற்றி, மழை பற்றி, பஞ்சு பற்றி. அந்த நாற்காலியை நான் ஒரு அடிகூட முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.